ஒருவன் விழுந்தால்தான் மகள் தெரிவாள்

சனிக்கிழமை மாலைகளில் யாராவது ஒரு ஸ்கொட்லாந்துக்காரன் கால் தடுக்கி விழவேண்டும் என்று நான் காத்திருப்பேன். பெரிய காயம் வேண்டாம். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் போதும், ஒரு நிமிடம் புல்லில் படுத்திருந்தால் போதும். அப்போதுதான் திரையின் மூலையிலிருந்து கறுப்பு மழைக்கோட்டுப் போட்ட சின்ன உருவம் ஒன்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். அது என் மகள்.

ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில், ஒரு மீன்பிடித் துறைமுகமும் ஏழெட்டுத் தெருக்களும் உள்ள ஊரின் உதைபந்தாட்டக் கிளப்பில் அவள் பிசியோதெரபிஸ்ட். நூறு வருடத்துக்கு மேல் பழைய கிளப். விளையாடுவது என்னவோ நாலாம் பிரிவில். ஆட்டக்காரர்களில் ஒருவர் தபால்காரர், ஒருவர் கூரை போடுகிறவர், ஒருவர் பாடசாலையில் படிப்பிக்கிறார். பகலெல்லாம் வேலை செய்துவிட்டுக் கிழமையில் இரண்டு மாலை பயிற்சிக்கு வருவார்கள். மகள் மற்ற நாட்களில் அந்த ஊரின் கிளினிக்கில் நிற்பாள், சனிக்கிழமை கிளப்பில் நிற்பாள். இரண்டு இடமும் சேர்ந்து கொடுத்த வேலையில்தான் அவளுடைய விசா நின்றது.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீடு நாலாம் மாடியில் இருக்கிறது. கடல் தெரியாது, ஆனால் ரயில் போகும் சத்தம் கேட்கும். அந்தக் கிளப் தன் உதைபந்து மச்சுகளை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் இணையத்தில் நேரடியாகக் காட்டும். மகள் கடவுச்சொல் அனுப்பியிருந்தாள். கோடைகாலத்தில் எங்களுக்கு ஏழரைக்குத் தொடங்கும், அங்கே குளிர் வந்துவிட்டால் எட்டரைக்கு. ஒரேயொரு கமரா, அரங்கின் கூரையில். அதைப் பிடித்திருப்பவர் யாரென்று தெரியாது, ஆனால் பந்து ஒரு பக்கம் போனால் அவர் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். என் கணவருக்கு அதனால் ஒவ்வொரு கிழமையும் இரத்த அழுத்தம் ஏறும். எனக்கு அந்தக் கமராக்காரரைப் பிடிக்கும். அவரும் என்னைப் போல பந்தில் அக்கறை இல்லாத ஆள்.

"விழுந்திட்டான்! இஞ்சருங்கோ, ஒருத்தன் விழுந்திட்டான்!" என்று நான் குசினியிலிருந்து ஓடி வருவேன்.

"உமக்கு வெக்கமில்லையே? அவன் நோவில கிடக்கிறான்," என்பார் இவர்.

"நோகட்டும். அவள் பாப்பாள்தானே."

அவள் முழங்காலில் இருந்து அவனுடைய காலைத் தூக்கி, மடக்கி, எதையோ கேட்பாள். தலைமுடியை மேலே தூக்கிக் கட்டியிருக்கிறாளா, கையுறை போட்டிருக்கிறாளா, மெலிந்துவிட்டாளா என்று அந்த முப்பது செக்கனுக்குள் நான் பார்த்துவிட வேண்டும். முகம் தெரியாது. கடுகளவு உருவம்தான். ஆனாலும் அவள் எழும்பும்போது இடது கையை நிலத்தில் ஊன்றி எழும்புவதைப் பார்த்தவுடன் என் பிள்ளைதான் என்று தெரிந்துவிடும். தொலைபேசியில் ஒவ்வொரு ஞாயிறும் முகம் பார்த்துத்தான் கதைப்போம். அது வேறு. அங்கே அவள் எனக்காகச் சிரிப்பாள். மைதானத்தில் அவள் யாருக்காகவும் சிரிப்பதில்லை. நான் பார்க்க ஆசைப்பட்டது அந்த முகத்தைத்தான்.

விழுவதில் மன்னன் நான்காம் இலக்கக்காரன். பின்வரிசையில் நடுவில் நிற்கும் நெட்டையன், செம்பட்டைத் தாடி. பந்துக்கும் எதிரிக்கும் இடையில் தன் உடம்பில் எந்த உறுப்பு கிடைத்தாலும் போட்டுவிடுவான். ஒரு மச்சுக்கு ஒரு தடவையாவது என் மகளை உள்ளே கூப்பிடுவான். நான் முப்பத்திரண்டு வருடம் பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்தவள். பழக்கதோஷத்தில் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன்: யார், எத்தனையாம் நிமிடம், எந்தக் கால், எழும்பி எப்படி நடந்தான். கார்த்திகை மாதமளவில் அந்த அணியில் யாருக்கு எங்கே நோகும் என்பது எனக்கு அத்துப்படி. யார் எத்தனை கோல் அடித்தார்கள் என்று கேட்டால் தெரியாது. அடித்தால்தானே தெரிவதற்கு.

கிளப் அடி மேல் அடி வாங்கியது. பத்து அணிகளில் பத்தாவது. இவர் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் இருந்து ஓய்வுபெற்றவர். நட்டம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டார். ஒருநாள் கிளப்பின் செயலாளருக்கு மின்னஞ்சல் எழுதினார். கிளப் தொடங்கிய திகதி உங்கள் இணையத்தளத்தில் இருக்கிறது, ஆனால் தொடங்கிய நேரம் இல்லையே, தயவுசெய்து அறியத்தரவும் என்று. அந்த மனிதர் எவ்வளவு நல்லவர் என்றால், பழைய கூட்டக் குறிப்பைத் தேடி எடுத்து, வேலை முடிந்த பிறகு ஊரின் மதுச்சாலையில் கூடித்தான் கிளப்பைத் தொடங்கினார்கள், மாலை ஆறு மணியளவில் இருக்கலாம் என்று பதில் போட்டார்.

இவர் அதைக் கொண்டு தெஹிவளையில் ஒரு சாத்திரியாரிடம் போனார். வரும்போது முகம் வாடியிருந்தது.

"உத்தரட்டாதி. மீன ராசி. ஏழரைச் சனி நடக்குது. அதிலயும் ஜென்மச் சனி."

"ஆருக்கு?"

"கிளப்புக்கு."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். இவர் அசையவில்லை. மச் நடப்பது சனிக்கிழமை, கிளப்பின் நிறம் கறுப்பு, இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வெள்ளவத்தைக் கோயிலில் எள்ளெண்ணெய் விளக்கும் கிளப்பின் பெயரில் அர்ச்சனையும். கோத்திரம் தெரியாதபடியால் சிவகோத்திரம். ஐயர் அந்தப் பெயரைச் சொல்லுவதைக் கேட்டால் ஏதோ அசுரனைக் கூப்பிடுகிறார் போல இருக்கும். ஆனால் ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை. செயலாளர் மட்டும் மகளிடம் கேட்டிருக்கிறார், உன் அப்பா கிளப்பின் வரலாறு எழுதுகிறாரா என்று.

தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு மகள் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னாள். பத்தாவதாக முடிக்கிற அணி, கீழே உள்ள லீக்கில் முதலாவதாக வந்த அணியோடு இரண்டு மச் விளையாட வேண்டும். தோற்றால் கீழே இறங்கவேண்டும். இறங்கினால் கிளப்பிடம் பிசியோ வைத்திருக்க வசதி இல்லை. கிளினிக்காலும் தனியே அவளை வைத்திருக்க முடியாது. விசா முடியும், திரும்பி வரவேண்டியதுதான்.

"யோசியாதை பிள்ளை. அப்பா பாத்துக்கொள்ளுறன்," என்றார் இவர், ஏதோ சனீஸ்வரன் தன்னோடு ஒன்றாக வேலை செய்தவர் மாதிரி.

நானும் யோசிக்காதே என்று சொன்னேன். சொல்லும்போதே என் மனம் துள்ளியது. எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். கிளப் தோற்றால் என் பிள்ளை வீட்டுக்கு வருவாள். மூன்று வருடமாக அவளுடைய அறையில் இஸ்திரிப் பலகைதான் இருக்கிறது. அவளுக்கு விருப்பமான நண்டுக்கறியை அவள் போன பிறகு நான் சமைக்கவில்லை. அவள் அந்த ஊரில் தனியே, நாலு மணிக்கே இருட்டிவிடும் குளிரில், யாரோ ஒருவனின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தோற்கட்டுமே, என்ன குறைந்துவிடும்? நூறு வருடமாக விளையாடினவர்கள் கீழே போயும் விளையாடுவார்கள்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் இவரும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து ஆளுக்கொரு அணிக்கு ஆதரவாக இருந்தோம். இவருக்கு அது தெரியாது. கோல் வாங்கினால் நானும் "ஐயோ" என்பேன். ஆனால் ஐயோவில் கொஞ்சம் சர்க்கரை கலந்திருக்கும்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, கண் டொக்டரிடம் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வெள்ளவத்தைக் கோயில் ஐயருக்கு எங்கள் வீட்டு நட்சத்திரமெல்லாம் பாடம். அங்கே போய்க் கேட்டால் அடுத்தநாள் இவரிடம் சொல்லிவிடுவார். கொட்டாஞ்சேனை அம்மன் கோயிலில் என்னை யாருக்கும் தெரியாது. கிளப்புக்குச் சனியா என்று இவரைப் பார்த்துச் சிரித்த அதே நான் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றேன்.

"ஆற்ற பேருக்கு அம்மா?" என்று ஐயர் கேட்டார்.

"மகளின்ர பேருக்கு. பூச நட்சத்திரம்."

"கலியாண விசயமோ?"

"இல்லை ஐயா. பிள்ளை வீட்டை வந்து சேரவேணும்."

"வருவா, வருவா," என்றார். அவள் வருவதற்கு அங்கே என்ன உடையவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிரச்சினை தேங்காய். அர்ச்சனை முடிந்து தட்டில் வந்த பாதித் தேங்காயை வீட்டுக்குக் கொண்டுபோனால் கேள்வி வரும், எறிந்தால் பாவம். வாழைப்பழத்தைப் பஸ்ஸிலேயே சாப்பிட்டு முடித்தேன். திருநீற்றைக் கைலேஞ்சியில் முடிந்தேன். தேங்காயைச் சந்தையில் வாங்கியது போல மரக்கறிகளோடு கலந்து வைத்து, அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பத்தோடு சம்பல் இடித்தேன். இவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். "இண்டைக்குச் சம்பல் நல்லா அமைஞ்சிருக்கு," என்றார். நான் சம்பலைத் தொடவில்லை. தன் கிளப்புக்கு எதிராக வைத்த அர்ச்சனையை அந்த மனிதர் வழித்துச் சாப்பிடுகிறார்.

சித்திரை முடிய கிளப் பத்தாவதாகவே நின்றது. முதல் மச் எதிரணியின் ஊரில் நடந்து, ஆளுக்கொரு கோல். இரண்டாவது எங்கள் ஊரில். எங்கள் ஊர் என்று எப்போது சொல்லத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது.

அந்தச் சனிக்கிழமை வெள்ளவத்தையில் கொட்டுகிற மழை. அங்கே நல்ல வெயில். ஊரே வந்திருந்தது போல அரங்கு நிறைந்திருந்தது. இவர் வேட்டி கட்டி, விபூதி பூசி, திரைக்கு முன்னால் கல்யாண வீட்டில் இருப்பது போல இருந்தார். ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியும் இரண்டு பக்கமும் கோல் இல்லை. பிறகு எங்கள் கோலுக்கு முன்னால் உயரமாக வந்த பந்துக்கு நான்காம் இலக்கக்காரனும் எதிரணி ஆளொருவனும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். இரண்டு தலையும் மோதின. ஒலிவாங்கியிலேயே சத்தம் கேட்டது. நடுவர் விசில் ஊதினார். இவருக்குப் பார்க்க முடியவில்லை. விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று சாமியறைக்குப் போய்விட்டார்.

வழக்கமாக இந்த இடத்தில்தான் என் கண் மகளைத் தேடும். அவள் மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து ஓடி வரவேண்டும். நடுவரும் ஆட்டக்காரர்களும் மோதுண்டு விழுந்த மற்றவனைச் சுற்றிக் கூடி நின்றதால் அவளை மறைத்துவிட்டார்கள். கமராக்காரர் தன் வழக்கப்படி கூட்டத்தை விட்டுவிட்டு நான்காம் இலக்கக்காரனிலேயே நின்றார். அதனால் நானும் அவனைத்தான் பார்த்தேன். அவன் எழும்பினான். எழும்பி, எதிரணிக்காரர்களுக்கு நடுவில் போய் நின்று, அவர்களில் ஒருவனின் தோளில் கைவைத்து, நீ இந்தப் பக்கம் நில் என்று காட்டினான். தன் ஆட்களுக்கு ஒவ்வொரு மச்சிலும் காட்டுவது போலவே. அந்தப் பையன் விழித்தான். பிறகு இவன் திரும்பி, ஒரு முழங்காலில் மெல்ல இறங்கினான். அதற்குப் பிறகுதான் என் மகள் வந்து சேர்ந்தாள். அவனுக்கு முன்னால் குந்தியிருந்து அவன் கண்களைப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். திரும்பவும் பார்த்தாள்.

பிறகு கோட்டோரத்தைப் பார்த்து, ஆளை மாற்றச் சொல்லிக் கையைச் சுழற்றினாள்.

அந்த அணியில் பின்னால் நின்று தாங்கியவன் அவன் ஒருவன்தான். அது எனக்கே தெரியும் என்றால் பயிற்சியாளருக்குச் சொல்லவேண்டுமா? அந்த மனிதர் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். என் மகள் அவருடைய நெஞ்சளவுதான். அவர் குனிந்து அவளுடைய முகத்துக்கு நேரே கத்தினார். நான்காம் இலக்கக்காரன் எனக்கு ஒன்றுமில்லை என்று இரண்டு கையையும் விரித்தான். அவள் ஒரு கையை அவனுடைய முதுகில் வைத்து, மறுகையில் பையைப் பிடித்துக்கொண்டு, நடந்தாள். அந்த நெட்டையனும் அவளோடு நடந்தான்.

நான் எழும்பி நின்றேன். "விடாதை பிள்ளை, விடாதை," என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். இவர் ஓடி வந்து என்ன நடந்தது என்று கேட்டார். நான் திரையைக் காட்டினேன். இப்படி ஒருத்தியை நான் பெற்றிருக்கிறேனா என்று இருந்தது. அதற்குப் பிறகு இருந்த நிமிடங்களில் என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பந்தைப் பார்த்தேன். உள்ளே போகக்கூடாது, போகக்கூடாது என்று வேண்டினேன். முன்பு வைத்த வேண்டுதலைத் திருப்பித் தா என்று அம்மனிடம் கேட்டேன்.

முடிய ஐந்து நிமிடம் இருக்க, மூலையிலிருந்து வந்த பந்து. நான்காம் இலக்கக்காரன் எப்போதும் நிற்கும் இடத்தில் யாரும் இல்லை. எதிரணிக்காரன் ஒருவன் அவசரமில்லாமல் தலையால் முட்டி உள்ளே அனுப்பினான். இவர் கதிரையில் இருந்தபடியே அழுதார்.

ஆனி மாதம் மகளைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் போய்க் கூட்டி வந்தோம். நான் கேட்டது கிடைத்துவிட்டது. நண்டுக்கறி வைத்தேன், சாப்பிட்டாள். இஸ்திரிப் பலகையை விறாந்தைக்கு மாற்றினோம். இவர் இருந்த சோகமெல்லாம் மறந்து தினமும் காலையில் சந்தைக்கு ஓடி மீன் வாங்கினார். "பிள்ளைக்கு விளைமீன், பிள்ளைக்கு இறால்," என்று ஒரே கொண்டாட்டம். அவள் நிறைய நித்திரை கொண்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். சிரிக்கவேண்டிய இடங்களில் சிரித்தாள், தொலைபேசியில் சிரிப்பதைப் போலவே.

ஒருநாள் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். என்ன வேலை என்றேன். முன்மேசையில் இருந்து நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற வேலை.

"உன்ர வேலை இல்லையே அது?"

"இது காணும் அம்மா. இது போதும்."

அன்று பின்னேரம் மரீன் டிரைவ் வழியே நடந்தோம். தெஹிவளைப் பக்கமாகப் போகும் ரயில் ஆட்கள் தொங்கத் தொங்கக் கடந்துபோனது. அது போய்ச் சத்தம் அடங்கியதும், நான் கேட்காமலே, அவள் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, அந்தக் கடைசி மச். அண்டைக்குக் காலமை எழும்பேக்கையே எனக்கு வீட்டை வரவேணும் போல கிடந்தது. தோத்தால் நல்லம் எண்டு நினைச்சனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பின்னேரம் அவனைப் பிடிச்சு வெளியில கொண்டுவந்தனான்."

"தலையில அடிபட்டவன்தானே."

"நான் கேட்ட எல்லாத்துக்கும் சரியாத்தான் பதில் சொன்னவன். கண்ணைப் பாக்க எனக்கு என்னவோ சரியில்லை எண்டு பட்டது. அவ்வளவுதான். அடுத்தநாள் ஸ்கானில ஒண்டுமில்லை. அங்கை ஒருத்தரும் என்னை ஏசேல்லை அம்மா. வழியனுப்பேக்கை கேக் வெட்டினவை. அவனும் வந்தவன். எனக்குத் தெரியேல்லை, உண்மையாவே எனக்கு அப்பிடிப் பட்டதோ, வீட்டை வாற ஆசையில நானாப் படப்பண்ணினதோ எண்டு. இது தெரியாமல் நான் இனி ஒரு ஆளைத் தொடக்கூடாது."

நான் கொட்டாஞ்சேனையில் கேட்டதையே அவளும் அங்கே நினைத்திருக்கிறாள். அந்த நினைப்பைக் குற்றமாகத் தலையில் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள். அதைவிட, அவள் கேட்கிற கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. அவள் வந்து சேருவதற்கு முன்பு அவன் என்ன செய்தான் என்று அவளுக்குத் தெரியாது. அந்த மச்சைக் கிளப் பதிவாக வைத்திருக்கவில்லை, கோல் விழுந்த துண்டை மட்டும்தான் வைத்திருந்தார்கள். மைதானத்தில் நின்றவர்கள் நடுவரைப் பார்த்திருப்பார்கள். பார்த்தது கமராக்காரர், பிறகு நான்.

ஆனால் நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் அவள் குணமாகிவிடுவாள். குணமானால் முன்மேசையில் இருக்கமாட்டாள். இங்கே அவளுடைய வேலைக்கு என்ன இருக்கிறது? திரும்பவும் எங்காவது குளிருக்குப் போய்விடுவாள். சொல்லாவிட்டால் என் கண்ணுக்கு முன்னால் இருப்பாள், தினமும் ஐந்தரைக்கு வீட்டுக்கு வருவாள். இரண்டு நாள் இதே கணக்கு. கணக்கு வாத்தியார் என்று பெயர், விடை தெரிந்தும் அதை மறைத்து வைத்திருந்தேன்.

இவரிடம் மட்டும் சொன்னேன். கொட்டாஞ்சேனைக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன்.

"கதையாதையும்," என்றார். "அவள் இஞ்ச நிக்கட்டும்."

கிளப்புக்காக எள்ளெண்ணெய் எரித்த மனிதர். அவருடைய கண்ணைப் பார்த்தபோது, இரண்டு நாளாக நான் எப்படி இருந்திருப்பேன் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து பிள்ளையை இஸ்திரிப் பலகை மாதிரி அறைக்குள் சாத்தி வைக்கப் பார்க்கிறோம். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் எதையும் தள்ளிப்போடுவதில்லை.

அவள் கட்டிலில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நான் கதவடியில் நின்றபடியே தொடங்கினேன்.

"நீ ஓடி வாறதுக்கு முன்னம் அவன் எழும்பினவன். உனக்குத் தெரியுமோ?"

"ஆர்?"

"நாலாம் இலக்கம். எழும்பி மற்றப் பக்கத்து ஆக்களுக்க போய் நிண்டவன். அவங்களில ஒருத்தன்ர தோளில கை வைச்சு, எங்க நிக்கவேணும் எண்டு காட்டினவன். தன்ர ஆள் எண்டு நினைச்சு. பிறகுதான் முழங்காலில இருந்தவன். அதுக்குப் பிறகுதான் நீ வந்தனி."

மடித்த சட்டை அவள் கையில் அப்படியே நின்றது.

"சும்மா சொல்லுறீங்கள். என்னைச் சமாதானப்படுத்த."

"ஆகஸ்டிலயிருந்து அவன் விழுந்ததை எல்லாம் நான் எழுதி வைச்சிருக்கிறன். விழுந்தால் இடுப்பைப் பிடிப்பான், துப்புவான், உன்னைப் பாத்து ஏதும் பகிடி விடுவான். அண்டைக்கு ஒண்டும் செய்யேல்லை. எதிராளிக்கு இடம் காட்டினவன். அவனுக்குத் தான் எங்க நிக்கிறன் எண்டே தெரியேல்லை. நீ கண்ணில கண்டது அதைத்தான். ஸ்கான் என்ன சொன்னாலும் எனக்கென்ன."

"அம்மா..."

"பிள்ளை, கேள். நீங்கள் தோக்கவேணும் எண்டு கோயிலில போய்க் கும்பிட்டவள் நான். நீ இஞ்ச நிக்கிறதுதான் எனக்கு விருப்பம். உனக்குப் பொய் சொல்லுறதெண்டால் இதைச் சொல்லாமல் விட்டிருப்பன்."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. எனக்காக எதையும் முகத்தில் வைத்துக்கொள்ளவில்லை. கூரைக் கமராவில் மாதக்கணக்காக நான் தேடிய முகம் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. பிறகு சட்டையில் முகத்தைப் புதைத்து விம்மினாள். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவளுடைய முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று அவள் அறிவித்த அன்று இவர் சந்தைக்குப் போகவில்லை. என்னோடு இரண்டு நாள் சரியாகக் கதைக்கவுமில்லை. மூன்றாம் நாள் காலை நான் தேத்தண்ணி கொண்டு போனபோது அவள் மடிக்கணினியில் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். வட அயர்லாந்தில் ஒரு கிளப்பாம், அதுவும் சின்னதுதானாம், அங்கேயும் மழைதானாம்.

"அம்மா, அந்த மச்சில அவனை வெளியில எடுத்ததை இதில எழுதட்டோ? தோத்த மச்."

கோப்பையை மேசையில் வைத்தேன்.

"எழுது," என்றேன். "முதல் வரியிலேயே எழுது."